ஏற்காட்டு மலையில டிரோன் ஓட்டறவங்களுக்கு: மெஷின விடுங்க, மொதல்ல ஓட்டற ஆள சரி பண்ணுங்க (முழு வழிகாட்டி)

டிரோன் கத்துக்க வர்ற பசங்க எல்லாரும் எந்த ஸ்டிக் எதுக்குன்னு தான் மொதல்ல கேக்கறாங்க, அது ரெண்டு நாள்ல வந்துரும். சேலத்துல கல்யாண வேல, ஏற்காட்டுல எஸ்டேட் சர்வே, சீசன்ல குச்சிக்கிழங்குக்கு மருந்தடிக்கறதுன்னு நான் ஓட்டிட்டு இருக்கேன். இத்தன வருஷத்துல கீழ விழுந்த டிரோன்கள்ல மோட்டர் கெட்டு விழுந்தது ரொம்பக் கம்மி. மிச்சம் பூரா ரிமோட்ட புடிச்சிருந்த ஆளோட கணக்கு தான், அதுல என் கணக்கும் இருக்கு. ஏவியேஷன்காரங்க இதுக்கு ஹியூமன் ஃபேக்டர்ஸ்னு பேர் வெச்சு தனியா ஒரு பாடமாவே நடத்தறாங்க. பசங்களுக்கு வாயால சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு, அதான் ஒரே தடவையா எழுதிடறேன்.

அடிவாரத்துல இருந்து மேல ஏறுற பஸ் டிரைவர பக்கத்துல நின்னு கவனிச்சிருக்கீங்களா? 20 கொண்டை ஊசி வளைவு, மனுஷன் மீட்டர் பக்கம் திரும்பறதே இல்ல. இன்ஜின் முக்கறது காதுல விழுது, வண்டி சாயறது இடுப்புக்குத் தெரியுது, டயர் லேசா வழுக்கினா ஸ்டியரிங் வழியா கைக்கு வந்துருது. டிரோன்ல நாம உள்ள உக்காரல. அங்க காத்து எவ்வளவு அடிக்குதுன்னு நம்ம மூஞ்சில படாது, மோட்டர் முக்கறது 100 மீட்டர் தாண்டினா கேக்காது, சாய்ஞ்சாலும் ஜிம்பல் (கேமராவ ஆடாம புடிக்கற தாங்கி) படத்த நேரா புடிச்சுக் காட்டி நம்மள ஏமாத்திரும். கண்ணு ஒண்ணு தான் மிச்சம், அதுவும் பாதி நேரம் ஆறு இஞ்ச் ஸ்கிரீனுக்குள்ள மாட்டிக்குது. கீழ நான் சொல்ற ஸ்டெப் எல்லாமே இப்படி இல்லாம போன ஒவ்வொரு உணர்வுக்கும் பதிலா ஒரு பழக்கத்த வைக்கறது தான், வேற ரகசியம் ஒண்ணும் இல்ல.

சட்ட விஷயத்த சட்டுனு முடிச்சிடறேன். 2021 டிரோன் ரூல்ஸ் படி 250 கிராம் வரைக்கும் நானோ, அதுக்கு மேல 2 கிலோ வரைக்கும் மைக்ரோ, 25 கிலோ வரைக்கும் ஸ்மால். மைக்ரோவ சொந்த ஆசைக்கு ஓட்டினா பைலட் சர்டிஃபிகேட் வேண்டாம், காசு வாங்கி கல்யாணம் எடுத்தா வேணும். கிரீன் ஸோன்ல, அதாவது பறக்க முன் அனுமதி கேக்க வேண்டாத எடத்துல, 400 அடி (120 மீட்டர்) வரைக்கும் போலாம், ஓடிட்டு இருக்கற ஏர்போர்ட்டோட எல்லையில இருந்து 8 டூ 12 கிலோமீட்டர் வளையத்துல 200 அடி தான். நம்ம ஏர்போர்ட் காமலாபுரத்துல இருக்கு, ஓமலூர் பக்கம் மண்டபத்துல வேல புடிக்கறவங்க அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை மேப்ப பாக்காம அட்வான்ஸ் வாங்காதீங்க. மலையில ரிசர்வ் ஃபாரஸ்ட் எல்லைக்குள்ளன்னா வனத்துறைய கேக்காம எடுக்கவே எடுக்காதீங்க.

ஸ்டெப் 1: முந்தின நாள் ராத்திரி

பேட்டரிய சார்ஜ் போடற மாதிரி உங்களையும் போடணும். முகூர்த்தம் காலைல 4.30 டூ 6ன்னா நீங்க 2 மணிக்கே எந்திரிச்சாகணும், அப்ப முந்தின நாள் ரிசப்ஷன் முடிச்சு லைட்ட எல்லாம் கழட்டி 12 மணிக்கு படுத்த அதே ஆள் தான் ரிமோட்ட புடிக்கப் போறாரா? பெரும்பாலும் ஆமா தான். இதுல மோசம் என்னன்னா, தூக்கம் கெட்டவனுக்கு தான் மந்தமா இருக்கோம்னே தெரியாது, தெளிவா இருக்கற மாதிரி தான் தோணும். அதனால முடிவ ராத்திரியே எடுத்து வெச்சிடணும், நாலு மணி நேரம் கூட தூங்கலன்னா டிரோன வேற பையன் ஓட்டுவான், நான் கீழ கேமரா புடிக்கறேன்னு.

ஒடம்புக்கு ஒரு சின்ன செக்லிஸ்ட் இருக்கு, அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. பைலட்டுகளுக்கு சொல்லிக்குடுக்கறது: நோவு, மாத்திரை, மன உளைச்சல், சாராயம், அசதி, கோவதாபம், ஆறும் சரியா இருக்கான்னு தன்னைத்தானே கேட்டுக்கறது. மாத்திரைய நம்ம ஆளுங்க கணக்குலயே சேக்க மாட்டாங்க. சளிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கற மாத்திரை பலது தூக்கத்த கொண்டு வரும். பிள்ளையாண்டான் ஜம்முனு நிப்பான், கை மட்டும் அரை செகண்டு லேட்டா வேல செய்யும்.

மருந்தடிக்கற டிரோன் ஓட்டறவங்களுக்கு தனியா ஒண்ணு. ஆர்கனோ பாஸ்பேட் வகை பூச்சி மருந்து ஒடம்புல ஏறினா தலவலி, வேர்வை, வயித்துப் பெரட்டலோட கண்ணு பாப்பா சுருங்கும், பார்வை மங்கும். சித்திர வெயில்ல தலவலி வேர்வை எல்லாம் வெயிலுன்னே நெனச்சுப்போம், மருந்து வேல செய்யுதுன்னு தோணாது. காத்துக்கு எதிர்ப்பக்கமா, அதாவது மருந்துத் துளி நம்ம மேல வராத பக்கமா நில்லுங்க, டேங்க் ரொப்பறவன் கையுறை மாஸ்க் இல்லாம ரொப்பக்கூடாது, பார்வை மங்கினா அன்னிக்கு ஓட்டறது முடிஞ்சுது, சோப்பு போட்டுக் குளிச்சிட்டு மருந்து டப்பா லேபிளோட நேரா டாக்டர்கிட்ட போங்க.

ஸ்டெப் 2: எடத்துக்குப் போனதும் பெட்டிய தொறக்காதீங்க

பத்து நிமிஷம் சும்மா நில்லுங்க. டீ குடிங்க. மரத்து உச்சியில இலை எப்படி ஆடுது, கரண்டு கம்பி எங்கிருந்து எங்க போவுது, பருந்து எங்க வட்டம் போடுதுன்னு பாருங்க. கம்பிய தேடாதீங்க, கம்பம் எங்கன்னு தேடுங்க, ரெண்டு கம்பத்துக்கு நடுவுல கம்பி கண்டிப்பா இருக்கும், கண்ணுக்குத் தெரியலன்னாலும். மெல்லிசான கம்பியும் இலை இல்லாத கிளையும் டிரோனோட சென்சாருக்கும் பெரும்பாலும் தெரியாது. ஸ்போர்ட் மோடு போட்டீங்கன்னா பல டிரோன்ல அந்த சென்சாரே ஆஃப் ஆயிரும்.

அடுத்தது மலையில தான் நம்ம மூள செமத்தியா ஏமாறுற விஷயம், உயரம். ஸ்கிரீன்ல 40 மீட்டர்னு காட்டுதுன்னா அது நீங்க கிளம்புன எடத்துல இருந்து 40, டிரோனுக்கு நேர் கீழ இருக்கற தரையில இருந்து இல்ல. சேலம் டவுன்ல ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணு தான், அதனால அங்க பழகின ஆளுக்கு இந்த வித்தியாசம் மண்டையில பதிஞ்சிருக்கவே இருக்காது. மேல வந்தா அதே நம்பர் பொய் சொல்லும். பகோடா பாயிண்ட் மாதிரி விளிம்புல இருந்து கிளம்பி பள்ளத்துப் பக்கம் போனா ஸ்கிரீன் 20ன்னு காட்டறப்ப கீழ தரை எங்கயோ கெடக்கும், 120 மீட்டர் எல்லைய எப்பவோ தாண்டியிருப்பீங்க. மேட்டுப் பக்கம் போனா உல்ட்டா, 40ன்னு காட்டறப்ப சில்வர் ஓக் உச்சி கை நீட்டற தூரத்துல வந்து நிக்கும்.

என் கதைய சொல்றேன். ஒரு காப்பித் தோட்டத்துல சர்வே. ரிட்டர்ன் டு ஹோம் (ஆர்.டி.எச்., சிக்னல் போனா டிரோன் தானா கிளம்புன எடத்துக்கே திரும்பறது) உயரம் 30 மீட்டர், அதுக்கு முந்தின வாரம் டவுன் கல்யாணத்துல வெச்ச செட்டிங், மாத்தவே இல்ல. மேடு தாண்டி அந்தப் பக்கம் சரிவுல எறக்கினேன், படம் பிரமாதமா வந்துட்டிருந்தது, ஸ்கிரீன்ல மைனஸ் 12. மேடு குறுக்க வந்ததுல சிக்னல் கட். டிரோன் அதுக்கு சொல்லிக்குடுத்தத ஒழுங்கா செஞ்சுது, கிளம்புன எடத்துக் கணக்குல 30 மீட்டர் ஏறுச்சு, நேர்கோட்டுல வீட்டப் பாத்துக் கிளம்புச்சு. நடுவுல இருந்த மேடே 15 மீட்டர், அதுக்கு மேல மொளகுக் கொடி சுத்துன சில்வர் ஓக் 25 மீட்டர். சடார்னு ஒரு சத்தம், அப்புறம் கிளை முறியறது, அப்புறம் ஒண்ணும் இல்ல. ஏறி எடுக்க தோட்டத்து மரம் ஏறுற அண்ணன் தான் வந்தாரு, எடுத்துக் குடுத்துட்டு ‘இது கம்பிச் சிலந்தி மாதிரி மேல தொங்குச்சு சார்’னாரு. ஓரம் உடைஞ்ச ப்ரொப்பல்லர் ஒண்ண இன்னிக்கும் பெட்டி மூடியில ஒட்டி வெச்சிருக்கேன்.

அதனால எடத்துக்குப் போனா இத செய்ங்க: போற வழியில இருக்கறதுலயே ஒசந்த மேட்ட கண்டுபுடிங்க, அதுல நிக்கற மரத்த சேருங்க, அதுக்கு மேல 20 மீட்டர் கூட்டுங்க. அது தான் இன்னிக்கு ஆர்.டி.எச். உயரம். வாய் விட்டு சொல்லுங்க, பக்கத்துல நிக்கற பையன் திருப்பி சொல்லட்டும், அப்புறம் டைப் பண்ணுங்க. மேட்டுக்கு அந்தாண்ட கண்ணுல படாத எடத்துக்குப் போகவே கூடாதுங்கறது தான் நெஜமான பாடம், உயரம் வெக்கறது ரெண்டாவது தான்.

டிரோன் காம்பஸ் காலிபரேட் (தெச காட்டற கருவிய சரி பண்றது) கேட்டுச்சுன்னா கார் பானட் மேல, கான்கிரீட் மொட்டை மாடி கம்பிக்குப் பக்கத்துல பண்ணாதீங்க. கஞ்சமலை பக்கம் வேலன்னா இன்னும் ஜாக்கிரதை, அந்த மலையே காந்தக்கல்லு, அதாவது மேக்னடைட் இரும்புத் தாது உள்ள மலை.

ஸ்டெப் 3: யார் எங்க நிக்கறது, யார் பேசறது

தனியா ஓட்டாதீங்க. ஒருத்தன் ஸ்கிரீன பாத்தா இன்னொருத்தன் வானத்த பாக்கணும், அவனுக்கு ஸ்பாட்டர்னு பேரு. அவன் வேடிக்க பாக்க வந்தவன் இல்ல, அவனுக்குன்னு பேச்சு இருக்கணும். நாங்க வெச்சிருக்கறது நாலே நாலு வார்த்த: ‘நில்லு’, ‘ஏத்து’, ‘பின்னாடி வா’, ‘பறவை’. எடது வலதுன்னு ஸ்பாட்டர் சொல்லவே கூடாது, ஏன்னா யாரோட எடது? டிரோன் மூக்கு நம்மள பாத்து இருந்தா எல்லாமே தலகீழ். ‘கோயில் பக்கம்’, ‘ரோட்டுப் பக்கம்’னு சொல்லணும். ஸ்பாட்டர் சொன்னத பைலட் அப்படியே திருப்பி சொல்லணும். ‘ம்’ கொட்டினா கேட்ட மாதிரி கணக்கு இல்ல.

கண்ணுல இருந்து எடுத்தா என்ன ஆகும்னு சொல்ல 2017ல நியூயார்க்ல நடந்தது ஒண்ணு போதும். ஒருத்தர் ஃபேண்டம் 4 டிரோன ரெண்டரை மைலுக்கு அந்தாண்ட ஓட்டிட்டு, ஸ்கிரீன மட்டும் நம்பிட்டு இருந்தாரு. அது போய் ராணுவ பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்ல மோதுச்சு. ஹெலிகாப்டர் தப்பிச்சு எறங்கிருச்சு, விசிறி பிளேடு சேதம். மோதினதே அவருக்குத் தெரியல, சிக்னல் போனதும் டிரோன் எங்கயோ தண்ணில விழுந்துருச்சுன்னு நெனச்சிருக்காரு, விசாரணை பண்றவங்க வந்து சொன்னப்புறம் தான் தெரிஞ்சுது.

அப்புறம் சொந்தக்காரங்க பிரச்சன. ப்ளேன்ல 10,000 அடிக்குக் கீழ இருக்கறப்ப காக்பிட்ல வேலைக்கு சம்பந்தம் இல்லாத பேச்சு கூடாதுன்னு அமெரிக்காவுல 1981ல ரூலே போட்டாங்க. மண்டபத்துல அந்த ரூல யார் போடறது? டிரோன் மேல போனதும் பொண்ணோட தாய்மாமா வந்து தோள்ல கை போடுவாரு.

‘தம்பி, அப்படியே அந்த கோபுரத்த சுத்தி ஒரு ரவுண்டு விடுப்பா.’

‘எறக்கிட்டு வந்து கேக்கறேங்க மாமா.’

அவ்வளவு தான், தல திரும்பக்கூடாது. மாமா ரெண்டாவது தடவ கேட்டா பதில் சொல்றது ஸ்பாட்டரோட வேல, மாமாவ கூட்டிட்டுப் போய் ஒரு காப்பி வாங்கிக் குடுக்கறதும் அவன் வேல தான். தரையில ரெண்டு மீட்டருக்கு சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு வைங்க, சின்னப் பசங்க கூட அதுக்கு ஒரு மரியாத குடுக்கறாங்க, ஏன்னே தெரியல.

ஸ்டெப் 4: ரிமோட்ட கையில எடுக்கறப்ப

2006 ஏப்ரல்ல அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்துல நோகாலஸ்ங்கற ஊருக்குப் பக்கத்துல எல்லைக் காவலுக்கு விட்ட பிரிடேட்டர் பி விமானம் ஒண்ணு விழுந்துச்சு, சின்ன பொம்ம இல்ல, பெரிய ஆளில்லா விமானம். கன்ட்ரோல் ரூம்ல அடுத்தடுத்து ரெண்டு கன்சோல், பாக்க ஒரே மாதிரி. பைலட்டோட கன்சோல் ஹேங் ஆச்சு, அவரு பக்கத்து கன்சோலுக்கு மாறுனாரு. பைலட் கன்சோல்ல இன்ஜினுக்குன்னு இருக்கற அதே லீவர், பக்கத்து கன்சோல்ல கேமரா ஐரிஸுக்கு, அதாவது வெளிச்சத்த கூட்டிக் கொறைக்க. மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டு லீவரையும் ஒரே நிலையில வைங்கன்னு செக்லிஸ்ட்ல இருந்துச்சு, அவசரத்துல அத செய்யல. கேமராவுக்காக எங்க வெச்சிருந்தாங்களோ அது இன்ஜினுக்கு எரிபொருள் கட். ஓடிட்டு இருந்த இன்ஜின் நின்னு போச்சு. மெஷின் கெட்டுச்சுன்னு சொல்ல முடியுமா? ஒரே மாதிரி இருக்கற ரெண்டு பொருளுக்கு ரெண்டு வேலைய குடுத்தா மனுஷக் கை ஒரு நாள் ஏமாறத் தான் செய்யும்.

இது நமக்கு எங்கயோ நடந்த கதை இல்ல. நண்பனோட ரிமோட்ட கடன் வாங்கறப்ப அதுல ஸ்டிக் மோடு (எந்த ஸ்டிக் எதுக்குங்கற செட்டிங்) மாத்தி வெச்சிருந்தா நீங்க ஏத்தறதா நெனச்சு முன்னாடி தள்ளுவீங்க. ஒரு பட்டன் உங்க ரிமோட்ல படம் எடுக்கும், அவன் ரிமோட்ல ரிட்டர்ன் டு ஹோம் போடும். அதனால ரிமோட் எதுவா இருந்தாலும் கிளம்பறதுக்கு முன்னாடி தல உயரத்துல நிறுத்தி நாலு பக்கமும் ஒரு முழம் ஒரு முழம் நகத்திப் பாருங்க. 20 செகண்டு தான். அப்படியே மோட்டர் சத்தத்தையும் கேட்டுக்கங்க, அப்புறம் அந்தச் சத்தம் கெடைக்காது.

ஸ்டெப் 5: பறக்கறப்ப கண்ணு என்ன பண்ணணும்

ஒரு அடி அகல டிரோன் ஒரு கிலோமீட்டர்ல வெறும் புள்ளி, நல்ல கண்ணுக்கே அது தான் கடைசி. ஆனா அது தெரியறது வேற, மூக்கு எந்தப் பக்கம்னு தெரியறது வேற, 300 மீட்டர்லயே அந்த ரெண்டாவது போயிரும். மூக்கு எங்கன்னு சந்தேகம் வந்தா ஸ்டிக்க ஆட்டிக் கண்டுபுடிக்காதீங்க. ஒரே ஒரு தடவ லேசா முன்னாடி தள்ளுங்க, ஸ்பாட்டர் சொல்லட்டும் எந்தப் பக்கம் போச்சுன்னு. இல்லன்னா மேப்ல இருக்கற அம்புக்குறிய பாருங்க.

வெறும் வானத்துல ஒரு விஷயம் இருக்கு, பலருக்குத் தெரியாது. பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாத எடத்துல கண்ணு தானா கிட்டத்துல, மீட்டர் ரெண்டு மீட்டர் தூரத்துல, ஃபோகஸ் புடிச்சுக்கும். ஸ்கிரீன்ல இருந்து தலய தூக்கினதும் டிரோன் காணாம போறது இதனால தான், டிரோன் அங்கயே தான் இருக்கும். தலய தூக்கினா நேரா வானத்த பாக்காதீங்க, மொதல்ல அதே தூரத்துல இருக்கற மலை விளிம்பையோ செல் டவரையோ ஒரு செகண்டு பாத்துட்டு அப்புறம் வானத்துக்கு போங்க. நாப்பது வயச தாண்டின அண்ணன்மாருக்கு இது இன்னும் லேட் ஆகும், லென்ஸ் இறுகிப் போயிருக்கும், கிட்டத்துக் கண்ணாடிய மூக்கு நுனியில போட்டு மேல பாக்கறப்ப அதுக்கு மேலயே பாக்கற மாதிரி வெச்சுக்கங்க.

போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டா சில ஃபோன் ஸ்கிரீன் ஒரு கோணத்துல கருப்பா ஆயிரும். நான் மொத தடவ ஃபோன் செத்துருச்சுன்னு பதறிட்டேன். சாதா கிளாஸே போடுங்க. வெயில்ல ஃபோன் சூடானா தானா வெளிச்சத்தக் கொறைச்சுக்கும், அதுக்கு ஒரு தொப்பி நிழல் போதும்.

கணக்கு ஒண்ணு மனசுல வைங்க. செகண்டுக்கு 10 மீட்டர் வேகம்னா வாட்ஸாப் மெசேஜ 3 செகண்டு பாத்தா 30 மீட்டர். அது போக நாம ஸ்கிரீன்ல பாக்கற படம் ஏற்கனவே ஒரு பத்துல ஒண்ணு, ரெண்டு பங்கு செகண்டு பழசு, எதிர்பாராத ஒண்ணுக்கு மூளையும் கையும் சேர்ந்து வேல செய்ய ஒரு செகண்டு ஆவும். அதாவது மரத்த ஸ்கிரீன்ல பாத்து கை வேல செய்யறதுக்குள்ள 12 மீட்டர் தள்ளிப் போயாச்சு. ஃபோன ஏரோப்பிளேன் மோடுல போட்டுருங்க, கட்டாயம்.

சர்வே மாதிரி தானா ஓடற வேலையில பிரச்சன எதிர்மாறு, கையில வேலையே இல்ல. மேக்வொர்த்ங்கற ஆராய்ச்சியாளரு 1948லயே, ரேடார் பாக்கறவங்க எப்படி அசந்து போறாங்கன்னு கடிகார முள்ள வெச்சு சோதிச்சுப் பாத்தாரு. முதல் அரை மணி நேரத்துலயே கவனம் சரியுதுன்னு காட்டினாரு. நமக்கு ஒரு பேட்டரி 20, 25 நிமிஷம், அதுக்குள்ளயே எனக்கு நங்கவள்ளி தட்டு வடை செட்டு, மார்க்கெட் வெலைன்னு மனசு கிளம்பிரும். ஒவ்வொரு கோடு முடியறப்பவும் ‘அஞ்சாவது லைன், பேட்டரி அறுபத்திரெண்டு, உயரம் அறுபது’ன்னு சத்தமா சொல்லுவேன். பேட்டரிக்கு ஒருத்தர்னு ஆள் மாத்துங்க.

ஸ்டெப் 6: எப்ப திரும்பறது

‘இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னொரு ஷாட்டு’. பேட்டரி தீந்து விழுற டிரோன் பாதிக்கு காரணம் இந்த வாக்கியம் தான்னு நான் சொல்லுவேன். அங்க நின்னு முடிவு எடுத்தா மனசு எப்பவும் ஷாட் பக்கம் தான் சாயும், அதனால நம்பர மேல போறதுக்கு முன்னாடியே ஸ்பாட்டர்கிட்ட குடுத்துருங்க, அவன் சொன்னா திரும்பு, பேச்சு கெடையாது.

நம்பர் எவ்வளவு? டவுன்ல பேட்டரி 25 சதவீதத்துல திரும்பறவங்க மலை மேல 40ல திரும்புங்க. ஏற்காடு 1500 மீட்டர் உயரம், சேலம் 280க்குள்ள, அதனால மேல காத்து பத்துல ஒரு பங்குக்கு மேலயே லேசு, ப்ரொப்பல்லர் வேகமா சுத்தித் தான் அதே எடைய தூக்கணும். மார்கழிக் குளிர்ல பேட்டரி சட்டுனு வோல்டேஜ் விடும், பையில வெச்சு கதகதப்பா எடுத்துட்டுப் போங்க. அப்புறம் காத்து. பகல்ல சூடேறினா காத்து சரிவு ஏறும், சாயங்காலம் ஆனா எறங்கும், எப்படி அடிச்சாலும் போறப்ப தள்ளிவிட்ட காத்து வர்றப்ப எதுத்து நிக்கும். மொதல்ல எதிர்காத்துலயே போயிட்டு, வர்றப்ப தள்ளிவிடற மாதிரி திட்டம் போடுங்க. மஞ்சு ஏறுது பாருங்க, நாலு நிமிஷத்துல லேக்க மறைக்கும். தூரத்து விளிம்பு மங்கினா அப்பவே திரும்பணும், டிரோன் மங்கினா லேட்.

ஸ்டெப் 7: ஏதாவது ஆயிட்டா

ஸ்டிக்ல இருந்து ரெண்டு கட்டவிரலையும் எடுத்துருங்க. ஜிபிஎஸ் இருந்தா அது அப்படியே நிக்கும். ஜிபிஎஸ் இல்லாத மோடுக்குப் போயிருந்தா காத்தோட நகரும், அப்ப மட்டும் காத்துக்கு எதிரா லேசா புடிச்சு நிறுத்தி ஏத்துங்க, உயரம் தான் நேரம் குடுக்கும். அலாரம் அடிச்சதும் கை தானா ஏதாவது ஒண்ண அமுக்கும், அது மனுஷ சுபாவம், அத திட்டி மாத்த முடியாது, பழகித் தான் மாத்தணும். அதனால மாசத்துல ஒரு நாள் காலி மைதானத்துல ஸ்பாட்டர் சொல்லாம கொள்ளாம ‘சிக்னல் போச்சு’ன்னு கத்தணும். நான் விரல எடுக்க எவ்வளவு நேரம் ஆச்சுன்னு அவன் பாப்பான். அதே மைதானத்துல ஆர்.டி.எச். போட்டு, நடுவுல ரத்து பண்றதையும் பழகிக்கங்க, நெறைய பேருக்கு போடத் தெரியும், நிறுத்தத் தெரியாது.

பருந்து வந்துச்சுன்னா ஓடாதீங்க, பதறாம நேரா மேல ஏத்துங்க, அது மேல இருந்து பாய்ற பறவை.

ஸ்டெப் 8: எறக்கினதுக்கு அப்புறம்

ப்ரொப்பல்லர் நின்னதும் தான் மாமாவ கூப்பிடணும். அப்புறம் ஒரு நோட்டு. எத்தன நிமிஷம், என்ன பேட்டரிங்கறத ஆப்பே எழுதிக்கும், நீங்க எழுத வேண்டியது இன்னிக்கு எது உங்கள திடுக்கிட வெச்சுதுங்கற ஒரே வரி. போன வாரம் என்னுது: ‘நாகலூர் ரோடு, காலைல 7.10. ஸ்கிரீன்ல இருந்து தல தூக்கினா டிரோன் தெரியல, ஒரு நாலு செகண்டு. சில்வர் ஓக் வரிசைக்கு நேரா பாத்தப்புறம் தெரிஞ்சுது. ராத்திரி தூக்கம் அஞ்சு மணி நேரம். பையன் நில்லுன்னு ரெண்டு தடவ சொன்னானாம், எனக்கு ஒரு தடவ தான் கேட்டுச்சு.’